நிற்கத் தெரிந்த டிரில்

சமையலறைப் பலகை சுவரைவிட்டுக் கழன்று விழுந்து அன்றைக்கு முப்பத்தாறு நாள். அதில் இருந்த டப்பாக்கள் அன்றிலிருந்து தரையில்தான் வரிசை கட்டி நின்றன. சர்க்கரையில் எறும்பு ஏறிவிட்டது. உப்பு மழை ஈரத்தில் கட்டிதட்டிப் போய்விட்டது. அடுப்படியில் ஒரு காலை வைத்துவிட்டு, மறு காலை எங்கே வைப்பது என்று யோசித்துத்தான் வைக்க வேண்டும். வேறு வீடாக இருந்தால் அரை மணி நேர வேலை. ஒரு ஆள் வந்து நாலு துளை போட்டு மாட்டிவிட்டுப் போயிருப்பான். ஆனால் இது ஃபிட்டர் வீடு. ஃபிட்டர் வீட்டுக்கு இன்னொரு ஃபிட்டர் வந்து பலகை மாட்டினான் என்றால், அந்தத் தெருவில் அவன் எந்த முகத்தோடு நடப்பான்?

அவனை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கதவோ கண்ணாடியோ, எதை மாட்டினாலும் ரசமட்டத்தை வைத்து, அந்தக் குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றால்தான் ஆணி முடுக்குவான். கடையில் டீ குடிக்க உட்கார்ந்தால்கூட மேசையில் அதை வைத்துப் பார்த்து, "இடது பக்கம் நூலளவு இறங்கியிருக்குங்க" என்று சொல்லி, அட்டையை மடித்துக் காலுக்கடியில் சொருகிவிட்டுத்தான் எழுந்திருப்பான். அவன் மனைவி தையல்காரி. ஆஸ்பத்திரிக்குப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள். ஒரே மகள் வேறு ஊரில் வேலை பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "அப்பா கை எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பாள். "நல்லாயிடுச்சும்மா, ஒரு குறையும் இல்ல" என்பான். சொல்லும்போது அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வான், மகள் பார்த்துவிடுவாள் என்பதுபோல.

விபத்து நடந்தது ஒன்பது வாரத்துக்கு முன்னால். ஒரு வீட்டுக் கூரையில் விளக்கு மாட்டத் துளை போட்டுக்கொண்டிருந்தான். பழைய டிரில். இடம் குறுகலாக இருக்கிறதென்று, டிரில்லைத் திருகாமல் பிடித்துக்கொள்ளும் பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டான். துளை போடும் பிட்டு உள்ளே கம்பியில் போய் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பிட்டு நின்றதே தவிர மோட்டார் நிற்கவில்லை. டிரில் மொத்தமாகச் சுழன்றது, பிடித்திருந்த மணிக்கட்டையும் சேர்த்து முறுக்கிக்கொண்டு. விரலை எடுக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி சத்தம் கேட்டதாம். ஏணியிலிருந்து இறங்கிய பிறகுதான் அது தன் கையின் சத்தம் என்று தெரிந்ததாம்.

எலும்புக்குத் தகடு வைத்தார்கள். கட்டு பிரித்தார்கள். ஆனால் கைக்குள் பிடி வரவில்லை. டம்ளரைத் தூக்கினால் டம்ளர் நடுங்கும். சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள். மோவாயைத் தூக்கிக்கொண்டு எங்கோ பார்த்தபடி நிற்பான். ஒரு நாள் சாயங்காலம் அவள் துணிக்கட்டோடு உள்ளே வந்தபோது, அந்தக் கையைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான். கோபமாகக்கூட இல்லை. வேலை செய்கிற மாதிரி, சீராக, ஒன்று, இரண்டு, மூன்று என்று. அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். அன்றிலிருந்து துணி எடுக்கப் போகும்போதெல்லாம் பாதி வழியில் திரும்பி வந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

அந்த வியாழக்கிழமை முதியோர் இல்லத்து நிர்வாகியம்மா போன் பண்ணினார். குளியலறைகளில் வயசானவர்கள் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கைப்பிடிக் கம்பி மாட்ட வேண்டும். நாற்பது குளியலறை. விபத்துக்கு முன்னாலேயே பேசிய வேலை.

"போன வாரம் ஒருத்தர் வழுக்கி விழுந்துட்டார். இனிமே என்னால காத்திருக்க முடியாதுங்க. திங்கட்கிழமை நீங்க வர்றீங்களா, வேற ஆளப் பாக்கட்டுமா?"

"வர்றேன்மா. திங்கட்கிழமை காலைல வந்துடுறேன்."

அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள்.

"எப்படிங்க?"

"என்ன எப்படி? பழைய டிரில்லுதான் சனியன். நல்லதா ஒண்ணு வாங்கிட்டா எல்லாம் சரியாயிடும். கெளம்பு."

அவன் அப்படிச் சொன்ன விதத்தில் அவளுக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. சட்டையை மாட்டிவிட்டாள். குடையை எடுத்துக்கொண்டாள்.

ஹார்டுவேர் கடைக்காரர் அவனைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"வாங்கண்ணே! எத்தன நாளாச்சு! கை எப்படி இருக்கு?"

"கைக்கென்ன. பெரிய டிரில்லா எடுங்க. வயர் இல்லாதது. கான்கிரீட்டுல நிக்கணும், வீட்டுக்கும் ஆகணும்."

கடைக்காரர் பெட்டிகளை எடுத்து அடுக்கினார். பதினெட்டு வோல்ட், பிரஷ்லெஸ் மோட்டார், இரும்பு சக், பெரிய பேட்டரி என்று சரளமாகச் சொல்லிக்கொண்டே போனார். ரசமட்டம் எல்லாவற்றிலும் பெரியதைக் காட்டினான்.

"அது வேணாங்க, ரொம்பக் கனமா இருக்கும்போல" என்றாள் அவள், மெல்ல.

"கனம் இருந்தாத்தான் சுவத்துல ஒக்காரும். உனக்கு என்ன தெரியும்?"

சோதித்துப் பார்க்க ஒரு கான்கிரீட் கட்டை தரையில் கிடந்தது. பக்கத்தில் இரண்டு இளவட்ட ஃபிட்டர்கள் திருகாணி வாங்கிக்கொண்டு நின்றார்கள். அவனைத் தெரிந்தவர்கள்தான். அவன் குனிந்தான். வலது கையில் பிடித்து, இடது கையை அடியில் கொடுத்து, பிட்டைக் கட்டையில் வைத்து அழுத்தினான். பிட்டு ஓரிடத்தில் நிற்காமல் கட்டையின் மேல் கோணல்மாணலாகக் கீறிக்கொண்டு ஓடியது. அவன் நெற்றியில் வேர்வை பூத்தது. இன்னும் அழுத்தினான். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை கை வெடவெடவென்று ஆடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தொப்பென்று சத்தம். கண்ணைத் திறந்தபோது டிரில் ரப்பர் விரிப்பில் கிடந்தது.

யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன்களில் ஒருத்தன் டிரில்லை எடுத்து, தூசியைத் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான்.

"இந்தாங்கண்ணே. கீழ தண்ணியா இருக்கு, அதான் வழுக்கிடுச்சு."

தரையில் தண்ணீரே இல்லை. ரசமட்டம் அவனைப் பார்த்தான். கட்டையைப் பார்த்தான். பிறகு திரும்பிப் பார்க்காமல் வாசலைத் தாண்டி மழைக்குள் இறங்கிப் போனான்.

"அக்கா, போய்ப் பாருங்கக்கா" என்றார் கடைக்காரர்.

அவள் வாசல்வரை போனாள். போய்? என்ன சொல்வது? சரியாயிடுங்க என்று ஒன்பது வாரமாகச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை நைந்துபோயிருந்தது. கையில் குடை இருந்தது. அவன் நனைந்துகொண்டு போவது தெருமுனைவரை தெரிந்தது. வீட்டுப் பக்கம்தான் திரும்பினான். அவள் அதை உறுதி பண்ணிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

கடையின் பின்பக்கம் ஒரு மேசை. மேசைமேல் பிரித்துப்போட்ட டிரில்கள், கருகின ஸ்விட்சுகள், உப்பிப்போன பேட்டரிகள். ரிப்பேர்க்காரர் மூக்கு நுனியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா? ரிப்பேருக்குன்னு உங்ககிட்ட அதிகமா வர்றது எது, வராதது எது?"

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"நல்லாக் கேட்டம்மா. எல்லாரும் எத்தன வோல்ட்டுன்னுதான் கேப்பாங்க." நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டார். "இதோ இந்தக் குவியல் பாரு, ஸ்விட்ச் போனது. விரல் வெக்கிற எடத்துல தூசி போயி அடைச்சுக்கிச்சு. இது பிட்டைக் கவ்வுற சக் ஆடுறது. வாங்கும்போதே மூக்கப் புடிச்சு ஆட்டிப் பாக்கணும், லேசா ஆடினாலும் வாங்கக் கூடாது. அந்தப் பேட்டரியெல்லாம் போலி. மேல நாலு ஆம்பியர்னு எழுதியிருப்பான், உள்ள ஒண்ணரைதான் இருக்கும். பேட்டரி ரெண்டு இருக்கணும். ஒண்ணு ஓடும்போது ஒண்ணு சார்ஜ் ஏறணும். அப்புறம் முக்கியமா, நாளைக்கே ஸ்விட்ச் போனா என் கைல ஸ்விட்ச் கெடைக்கணும். கெடைக்காததை எவ்வளவு நல்லதுன்னு சொன்னாலும் வாங்காத. யாரு புடிக்கப் போறது?"

'அவர்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நான்" என்றாள். சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போனாள்.

ரிப்பேர்க்காரர் சிரிக்கவும் இல்லை, புருவத்தைத் தூக்கவும் இல்லை. மூன்று டிரில்லை எடுத்து வைத்தார். "ஒவ்வொண்ணாத் தூக்கி நெஞ்சுக்கு நேரா நீட்டிப் புடி. நான் சொல்றவரைக்கும் எறக்காத. கடைல ஒரு நிமிஷம் கனக்காததுகூட வேலையில ஒரு மணி நேரத்துல கனக்கும்."

முதலாவது கையை இழுத்தது. இரண்டாவது பொம்மை மாதிரி இருந்தது. "அது மரத்துக்கும் வீட்டுக்கும் ஆகும், சுவத்துல மூச்சு வாங்கும்" என்றார். மூன்றாவதைப் பிடித்தபோது அவள் விரல் தானாகவே ஸ்விட்சில் போய் உட்கார்ந்தது. மெல்ல அழுத்தினால் மெல்லச் சுற்றியது. இன்னும் அழுத்தினால் இன்னும் வேகம். தையல் மெஷின் மிதி மாதிரி. இருபத்தைந்து வருஷமாக அவள் கால் செய்கிற வேலையை விரல் செய்தது.

"இது என்னங்கண்ணே?"

"பதினெட்டுதான், ஆனா ஒடம்பு சின்னது. இடிச்சு இடிச்சுத் துளை போடுற ஹேமர் இருக்கு. சுவத்துக்கு ஹேமர் போடணும், டைல்ஸுக்கும் மரத்துக்கும் போடக் கூடாது. பக்கவாட்டுக் கைப்பிடி இருக்கு, அத எந்தக் காரணத்துக்காகவும் கழட்டாத. இன்னொண்ணும் இருக்கு. பிட்டு எங்கயாவது மாட்டிக்கிட்டா தானா நின்னுடும். நான் சோதிச்சுப் பாத்திருக்கேன்."

அவள் அதைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கு அவர் கைல இருந்தது நின்னிருந்தா..."

ரிப்பேர்க்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

வீட்டில் அவன் ஈரச் சட்டையோடு பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். பொத்தான் போட முடியாதவனுக்குக் கழற்றவும் முடியாது. அவள் துண்டை எடுத்துப் போட்டாள். கையைத் தட்டிவிட்டான்.

"வேற ஆளப் பாக்கச் சொல்லிடு அந்தம்மாவ."

"நீங்கதான் வர்றேன்னு சொன்னீங்க. நீங்களே சொல்லுங்க."

அவள் தான் வாங்கிவந்த புது டிரில்லின் பேட்டரியைச் சார்ஜில் போட்டாள். பச்சை விளக்கு எரியும்வரை மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டப்பாக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி இடம் பண்ணி, முக்காலியைப் போட்டு ஏறினாள். பழைய துளைகள் காரை பெயர்ந்து குழிந்திருந்தன. அதற்கு மேலே ஒரு ஜாண் தள்ளிப் பென்சிலால் குறி வைத்தாள். ஸ்விட்சை அழுத்தினாள். கீய்யென்று ஒரு கூச்சல். துளை விழவில்லை, சுவர் வழவழவென்று மின்னியது. மறுபடியும் கூச்சல்.

அவன் சுவரைப் பார்த்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். மூன்றாவது தடவை பொறுக்க முடியவில்லை.

"ஹேமர் போடாம தேய்ச்சுக்கிட்டு இருக்கே. வளையத்துல சுத்தியல் படம் போட்டிருக்கும், அதுல திருப்பு."

அவள் திருப்பினாள். டிரில் கடகடவென்று அதிர்ந்தது.

"அழுத்தாத. கையால தள்ளாத. ஒடம்ப லேசா சாய்ச்சு நில்லு, அது தானாப் போகும். தூள் என்ன நெறம்?"

"வெள்ளை."

"பூச்சுதான். இன்னும் போ."

"செவப்பா வருதுங்க!"

"செங்கல். இப்பத்தான் புடிக்கும். நடுநடுவுல வெளிய இழுத்துத் தூள எறக்கு. ம்... போதும். சத்தம் மாறிடுச்சு பாரு. நிறுத்து."

அவன் இன்னும் திரும்பவில்லை. அவள் ஆணி பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக்கைத் துளைக்குள் வைத்துத் தட்டினாள். கெட்டியாக உட்கார்ந்தது. முக்காலியை மூலைப் பக்கம் நகர்த்தி இரண்டாவது துளையை ஆரம்பித்தாள். பாதி போனதும் சத்தம் வேறு மாதிரி ஆயிற்று. கரகரவென்று, வலுவாக.

"நெறம் என்ன?"

"சாம்பல் மாதிரி..."

"அந்த மூலைல தூணு! உள்ள கம்பி இருக்கு! எடு! வெளிய எடு!"

அவள் எடுப்பதற்குள் டொக்கென்று ஒரு சத்தம். கை ஒரு வெட்டு வெட்டியது.

அவன் எப்படி எழுந்தான், எப்படி வந்தான் என்று அவளுக்குத் தெரியாது. டப்பாக்கள் உருண்டு சர்க்கரையெல்லாம் தரையில் சிதறிவிட்டது. முக்காலிக்குப் பக்கத்தில் நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான். டிரில் சுவரில் குத்தியபடி அசையாமல் நின்றது. அதன் முதுகில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

"வெரல மடக்கு. இத மடக்கு. வலிக்குதா? இங்க வலிக்குதா?"

"ஒண்ணும் ஆகலைங்க. தானா நின்னுடுச்சு."

"பொய் சொல்லாத! மடக்கிக் காட்டு!"

அவள் ஐந்து விரலையும் மடக்கி நீட்டிக் காட்டினாள். அவன் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். பிறகு அப்படியே சர்க்கரையின் மேல் உட்கார்ந்துவிட்டான்.

"மூணு வாரத்துக்கு முன்னாடியே டாக்டர் சொல்லிட்டார்" என்றான். "நரம்பு போயிடுச்சாம். பாதிக்கு மேல புடி வராதாம். எப்பவுமே."

அவள் முக்காலியிலிருந்து இறங்கினாள்.

"மூணு வாரமாவா?"

"சொன்னா உண்மையாயிடும்னு இருந்துச்சு."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. மூன்று வாரமாகத் தினம் ராத்திரி எண்ணெய் தேய்த்துவிட்டிருக்கிறாள். தேய்க்கும்போது வாயைத் திறக்காமல் கிடந்திருக்கிறான். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. இரண்டு பேரும் அந்த ஈரத் தரையில், எறும்புக்கு நடுவில், ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்துகொண்டு அழுதார்கள். அப்புறம் அவன்தான் மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்தத் துளைய விட்டுட்டு ரெண்டு அங்குலம் தள்ளிப் போடு" என்றான்.

பலகை அன்றைக்கே ஏறிவிட்டது. வெள்ளியும் சனியும் ஞாயிறும் வீட்டுச் சுவரெல்லாம் துளையாயிற்று. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "சுவத்துல பல்லாங்குழி ஆடப் போறீங்களா?" என்று கேட்டாள். உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பொறுக்கிவந்து அதில் காகித டேப் ஒட்டித் துளை போடப் பழகினாள். மூன்றில் ஒன்று விரிசல் விட்டது. திங்கட்கிழமை அதற்குள் வந்துவிட்டது.

நிர்வாகியம்மா இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"துளை யாரு போடப் போறது?"

"இவங்க" என்றான் ரசமட்டம். "குறியும் மட்டமும் என்னோடது."

"இது வயசானவங்க புடிச்சு எழுந்திரிக்கிற கம்பிங்க. வெளையாட்டு இல்ல."

"தெரியும்மா. ஒரு ரூம் பாருங்க. புடிக்கலன்னா போயிடுறோம்."

அவர் முதல் குளியலறை வாசல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அதுதான் வினையாயிற்று. யாரோ முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பிலேயே அவள் அவசரப்பட்டாள். வளையம் ஹேமரில் இருந்ததைப் பார்க்கவில்லை. அழுத்தியதும் டைல்ஸ் மேலிருந்து கீழாகக் கீறிக்கொண்டு பிளந்தது.

நாற்பது குளியலறையும் அந்த விரிசல் வழியாக ஒழுகிப் போவது அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"என் தப்பும்மா" என்றான் அவன், சட்டென்று. "ஹேமர நிறுத்தச் சொல்ல மறந்துட்டேன். அந்த டைல்ஸ நானே மாத்திக் குடுத்துடுறேன்."

அவன் மறக்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுகூடச் சொல்லிவிட்டுத்தான் வந்தான். இடது கையால் வளையத்தைத் திருப்பிவிட்டு, அவள் காதருகில் சொன்னான்: "யாரும் இல்லன்னு நெனச்சுக்கோ. ஊசி எறக்குற மாதிரி எறக்கு."

அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். பிட்டின் முனை டேப்பில் உட்கார்ந்தது. மெல்ல, இன்னும் மெல்ல. வெள்ளைத் தூள் மாவு மாதிரி இறங்கியது. டைல்ஸ் தாண்டியதும் சத்தம் மாறியது. அவள் நிறுத்தினாள், ஹேமர் போட்டாள், சாய்ந்து நின்றாள். சிவப்புத் தூள் வந்தது. அப்படியே ஆறு துளை. அவன் இடது கையால் பிளக்கைத் தட்டினான், அவள் ஆணிகளை முடுக்கினாள். ரசமட்டத்தைக் கம்பியின் மேல் வைத்தான். குமிழி நடுவில் வந்து நின்றது.

பிறகு அவன் கம்பியைப் பார்த்து நின்று, இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டான். வலது முழங்கையை அதில் கொக்கி மாதிரி மாட்டினான். முழங்காலை மடக்கி, இரண்டு காலையும் தரையைவிட்டுத் தூக்கினான். எழுபது கிலோ உடம்பு மொத்தமாக அந்தக் கம்பியில் தொங்கியது. கம்பி முனகக்கூட இல்லை.

நிர்வாகியம்மா குனிந்து ஆணித் தலைகளைப் பார்த்தார். உடைந்த டைல்ஸையும் பார்த்தார்.

"இந்த மாடி மட்டும் முடிங்க. பத்து ரூம். மத்தது அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் செருப்புச் சத்தம் நடையில் தேய்ந்து மறைந்தது. அவன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தான். முகம் டைல்ஸோடு ஒட்டியிருந்தது.

"போதுங்க" என்றாள் அவள். "தாங்குது. எறங்குங்க."

அவன் காலை ஊன்றவில்லை. தோள் இரண்டும் குலுங்குவது மட்டும் பின்னாலிருந்து தெரிந்தது. அவள் டிரில்லைக் கீழே வைத்துவிட்டு, அவன் இறங்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.